ஜி.எச்.சில் நடந்த தவறுக்கு யாரைக் கேட்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அரசு மருத்துவமனை பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஊர், மருத்துவமனை, ஆள் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சட்டத்தை விட நடைமுறையில் எது உதவும் என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் அம்மா மாவட்டத் தலைமை மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்து இறந்துவிட்டார். கடைசி இரவு மூச்சு வாங்குகிறது என்று பலமுறை நர்ஸிடம் சொன்னேன். டாக்டர் விடியும்போதுதான் வந்தார். கேஸ் ஷீட் நகல் கேட்டால், "அதெல்லாம் தர முடியாது, போலீஸ் மூலமா வாங்க" என்கிறார்கள்.

அம்மாவை இழந்த துக்கத்தோடு இப்படி அலைய விடுவது கொடுமை. தர முடியாது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரிமையுள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும்.

வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். அம்மாவின் பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), வார்டு, சேர்த்த தேதி, இறந்த தேதி, நீங்கள் என்ன உறவு என்று எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தேதியோடு அலுவலக சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் அதே கடிதத்தை ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுவிடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு உண்டு.

நகல் கையில் கிடைத்ததும் டாக்டரின் குறிப்புகளை மட்டும் பார்க்காதீர்கள். நர்ஸ் எழுதிய பக்கங்களைப் பாருங்கள். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை இவற்றை எத்தனை மணிக்குக் குறித்திருக்கிறார்கள்? "டியூட்டி டாக்டருக்குத் தகவல் சொல்லப்பட்டது" என்று நேரத்தோடு எழுதியிருக்கிறதா? பல மருத்துவமனைகளில் டாக்டரை அழைக்கத் தனியாக ஒரு கால் புக் இருக்கும். அதன் அந்த நாளைய பக்கத்தையும் மனுவில் கேளுங்கள். நர்ஸ் கூப்பிட்ட நேரம் ஒன்று, டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட நேரம் ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உங்கள் புகாரின் உயிர்நாடி. "கவனிக்கவே இல்லை சார்" என்று பத்துப் பக்கம் எழுதுவதை விட, "இரவு இத்தனை மணிக்கு அழைப்பு, காலை இத்தனை மணிக்கு வருகை" என்ற ஒரு வரியை மறுப்பது கஷ்டம்.

இன்னொன்றும் கேளுங்கள்: அன்றிரவு அந்த வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸ்கள், டியூட்டி டாக்டர் வேறு எந்தெந்த வார்டுகளைப் பார்த்தார்? ஒரே நர்ஸ் வார்டு முழுவதையும் தனியாகச் சமாளித்திருந்தால், அந்தப் பெண்ணை மட்டும் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை. அப்படி ஓர் இரவை அனுமதித்தவரும் பதில் சொல்ல வேண்டும்.

இலவச சிகிச்சைதானே, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று வக்கீல் சொல்கிறார். உண்மையா?

பெரும்பாலும் உண்மை. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றது. வெறும் பதிவுக் கட்டணம் வாங்குவது அதை மாற்றாது. ஆனால் சிலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை என்றால் இலவச நோயாளியும் வழக்குப் போடலாம். இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உள்ளே வரும் என்று 2007இல் தீர்ப்பு இருக்கிறது, ஏனென்றால் அதற்குத் தொழிலாளி சம்பளத்திலிருந்து பிடிக்கிறார்கள். நுகர்வோர் வழக்குக்கு 2 ஆண்டுக் கெடு.

இந்தக் கதவு மூடியிருந்தால் வேறு கதவுகள் உண்டு. சென்னையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் மனு அனுப்பலாம், வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. டாக்டரின் நடத்தை மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். எல்லாவற்றுக்கும் அடித்தளம் மேலே சொன்ன அதே காகிதங்கள்தான்.

இரவு பதினோரு மணிக்கு அப்பாவை நெஞ்சு வலி என்று தாலுகா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். தொட்டுக்கூடப் பார்க்காமல் "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகுதான் அதில் "எங்கள் சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம்" என்று இருந்தது தெரிந்தது. அப்பா பிழைத்துவிட்டார். புகார் செய்யலாமா?

தாராளமாகச் செய்யுங்கள். அப்பா பிழைத்ததால் தவறு நடக்காமல் போய்விடவில்லை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது தவறல்ல, பல நேரம் அதுதான் சரி. ஆனால் அனுப்பும் முன் முதலுதவி தந்து, நோயாளி தாங்கும் நிலையில் இருக்கிறாரா என்று பார்த்து, 108க்கு ஏற்பாடு செய்து, என்ன கொடுத்தோம் என்று ரெஃபரல் சீட்டில் எழுதித் தர வேண்டும்.

மேற்கு வங்கத்தில் 1992இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று சொல்லி ஒவ்வொரு அரசு மருத்துவமனையாகத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் தனியாரிடம் செலவு செய்துதான் பிழைத்தார். 1996இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவசர சிகிச்சை மறுப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவது, பணமில்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அப்பா உயிரோடு இருந்தும் நீங்கள் கேட்கலாம் என்பதற்கு இதுவே ஆதாரம்.

அந்தக் கையெழுத்துக்கு வருவோம். நோயாளியை மருத்துவர்தான் அனுப்புகிறார் என்றால் அந்தத் தாள் பொய். அடுத்த முறை யாருக்காவது இப்படி நடந்தால், கையெழுத்துக்கு மேலே சொந்தக் கையால் "டாக்டர் சொன்னதால் அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதி நேரத்தைப் போடச் சொல்லுங்கள். பதற்றமான இரவில் யாருக்கு இது ஞாபகம் வரும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் கையெழுத்துப் போட்டவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது. புகாரை மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு அனுப்புங்கள், தாலுகா மருத்துவமனைகள் அவர் பொறுப்பில்தான் வருகின்றன.

எங்கள் புகாரில் ஒரு டாக்டரை சஸ்பெண்ட் செய்தார்கள். சில மாதங்களில் வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இதற்கா இவ்வளவு போராடினோம்?

இந்தக் கேள்வி என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. முதலில் ஒரு விஷயம்: சஸ்பென்ஷன் தண்டனை அல்ல, விசாரணை முடியும் வரை தள்ளி வைப்பது மட்டுமே. தண்டனை என்பது அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17 பி பிரிவில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, விசாரித்து, அதன் முடிவில் வருவது. அந்த முடிவைப் புகார் கொடுத்தவருக்குச் சொல்வதே இல்லை. தகவல் உரிமையில் கேட்டால் "ஊழியரின் தனிப்பட்ட விவரம்" என்று பதில் வரும்.

அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "அவருக்கு என்ன தண்டனை?" என்பதோடு நிறுத்தாமல், "இது மறுபடி நடக்காமல் இருக்க அந்த மருத்துவமனையில் என்ன மாற்றினீர்கள், அந்தச் சுற்றறிக்கையின் நகல் கொடுங்கள்" என்று கேளுங்கள். அதற்குத் தனிப்பட்ட விவரம் என்று சொல்ல முடியாது.

சாத்தூர் சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். 2018 டிசம்பரில், அரசு மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தால் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றியது தெரியவந்தது. ரத்தம் சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்தது. அதைக் கொடுத்த இளைஞர் 2016இலேயே ரத்த தானம் செய்து, தொற்று இருப்பது பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. பிறகு வேறொரு பரிசோதனையில் அவரே தெரிந்துகொண்டு, ரத்த வங்கிக்கு ஓடிவந்து சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. உடனே நடவடிக்கை எடுத்தது யார் மீது? ஆய்வக ஊழியர்கள் மீது. அவர்கள் தவறு செய்திருக்கலாம். ஆனால் தொற்றுள்ளவருக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டியது யார் பொறுப்பு? அது கடைநிலை ஊழியரோடு முடிகிற கேள்வி அல்ல. 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. அரசையே பொறுப்பாக்கியதுதான் அதில் எனக்கு முக்கியமாகப் படுவது.

2022 நவம்பரில் சென்னையில், கால் அறுவை சிகிச்சைக்குப் பின் கட்டு இறுக்கமாக இருந்ததால் காலை இழந்து, உயிரையும் இழந்த கால்பந்து வீராங்கனை விஷயத்திலும் இரண்டு டாக்டர்களின் சஸ்பென்ஷன்தான் தலைப்புச் செய்தி ஆனது. கட்டுப் போட்ட காலில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று எத்தனை மணிக்கு ஒருமுறை, யார் பார்க்க வேண்டும் என்பது ஒவ்வொரு ஆர்த்தோ வார்டிலும் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா? உங்கள் ஊர் ஜி.எச்.சில் போய்ப் பாருங்கள்.

நம்மிடமே நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அந்த இறப்பைத் தனியாக ஆய்வு செய்ய வேண்டும். கலெக்டர் நடத்தும் ஆய்வுக்கு இறந்தவரின் உறவினரையும் அழைக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. வீட்டில் தாமதமா, வண்டி கிடைக்கவில்லையா, மருத்துவமனையில் தாமதமா என்று ஒவ்வொரு கட்டமாகக் கேட்பார்கள். பிரசவத்துக்கு இருக்கிற இந்த முறை மற்ற இறப்புகளுக்கு ஏன் இல்லை? உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன்.

கோபத்தில் தம்பி டியூட்டி டாக்டரின் சட்டையைப் பிடித்துவிட்டான். கேஸ் ஆகுமா?

ஆகும். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி 3 முதல் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள். உங்கள் புகார் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், கை வைத்த நிமிடத்தோடு அது பின்னுக்குப் போய்விடும்.

பிரசவம் ஆனதும் குழந்தையைக் காட்ட ஐநூறு ரூபாய் கேட்டு வாங்கினார்கள்.

லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளி என்று 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. லஞ்ச ஒழிப்புத் துறைக்கும், நிலைய மருத்துவ அலுவலர் இருந்தால் அவருக்கும் எழுத்தில் கொடுங்கள். எந்த வார்டு, எந்த ஷிஃப்ட் என்று குறிப்பிடுங்கள்.

கருத்தடை அறுவை சிகிச்சை செய்தும் மறுபடி கர்ப்பமாகிவிட்டேன். டாக்டர் மீது வழக்குப் போடலாமா?

அறுவை சிகிச்சை தோற்றது என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் சொல்லியிருக்கிறது. எல்லாம் சரியாகச் செய்தாலும் சிலருக்கு இப்படி ஆவதுண்டு. ஒரு பக்கத்துக் குழாயை மட்டும் அடைத்துவிட்டு முடிந்தது என்று அனுப்பியது போன்ற தவறு இருந்தால் கதை வேறு. அப்படி ஒரு ஹரியானா வழக்கில் அரசே இழப்பீடு கொடுக்க நேர்ந்தது.

ஆனால் வழக்குக்கு முன்னால், அரசின் குடும்ப நல இழப்பீட்டுத் திட்டத்தில் விண்ணப்பியுங்கள். இதில் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் கொடுக்க வேண்டும், அதற்குள் இந்தப் பதிலுக்காகக் காத்திருந்தீர்களே என்றுதான் எனக்குக் கவலை. ஆபரேஷன் செய்த சான்றிதழ், ஸ்கேன் ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே மாவட்டக் குடும்ப நலத் துணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கம்மா.