தாத்தா பிறந்தது ஹங்கேரியில், ஊர் இருப்பது ருமேனியாவில்

கேள்வி: என் மனைவியின் தாத்தா 1908-இல் ஹங்கேரியின் தெமெஷ்வாரில் பிறந்தவர், 1931-இல் வெளிநாடு போனார். ஊர் இன்று ருமேனியாவின் திமிஷோவாரா. மொழி தெரியாமலே மனைவிக்கு ஹங்கேரியக் குடியுரிமை வாங்கித் தருவதாக ஒரு முகவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

தாத்தா இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை அவரைத் தாண்டிப் போனது. 1920 ஜூன் 4-இல் கையெழுத்தான திரியானோன் உடன்படிக்கையால் ஹங்கேரி தன் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. அது 1921-இல் நடைமுறைக்கு வந்ததும் தெமெஷ்வார்க்காரர்கள் ருமேனியக் குடிமக்களானார்கள். ஆகவே உங்கள் மனைவிக்கு உள்ள வழி, 2011 முதல் நடைமுறையில் இருக்கும் எளிய குடியுரிமை முறைதான். அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஹங்கேரிய மொழி பேசியே ஆகவேண்டும். விண்ணப்பம் வாங்கும் அதிகாரி அந்த மொழியிலேயே கேள்வி கேட்பார். அங்கே முகவர் வாய் திறக்க முடியாது. விண்ணப்பத்துக்குக் கட்டணமும் கிடையாது.

"மொழி வேண்டாம்" என்ற பேச்சு வேறொரு வழியிலிருந்து திருடியது. இன்றைய ஹங்கேரிக்குள் இருக்கும் செகெத் போன்ற ஊரிலிருந்து தாத்தா 1931-இல் கிளம்பியிருந்தால், அவர் குடியுரிமை பெரும்பாலும் அறுபடாமல் மகனுக்கும் பேத்திக்கும் இறங்கியிருக்கும். புதிதாகக் கேட்க வேண்டாம். இருப்பதை உறுதி செய்தால் போதும், மொழி தேவையில்லை. அதே ஊரிலிருந்து வேறொருவர் 1905-இல் போயிருந்தால் கதை வேறு: 1879-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையாகப் பதியாமல் பத்தாண்டு வெளிநாட்டில் இருந்தவரின் குடியுரிமை போய்விடும். அந்த விதி 1929 வரை இருந்தது. ஊரும் ஆண்டும் கேட்காமல் பணம் கேட்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

மொழிக்கு அஞ்ச வேண்டாம். தமிழைப் போலவே வேற்றுமை உருபு சொல்லின் பின்னால் ஒட்டும்: 'ஹாஸ்' வீடு, 'ஹாஸ்பன்' வீட்டில். மனைவி படிக்கும்போது நீங்களும் கூட உட்காருங்கள்.

எனக்கு ஆத்திரம் காகிதத்தின் மேல்தான். தெமெஷ்வார்க்காரர்களைக் கேட்காமல் நாட்டைப் பிரித்தார்கள்; நூறாண்டு கழித்துப் பேத்தி சான்று தேடி அலைய வேண்டியிருக்கிறது. இன்று ருமேனியாவில் எழுதித் தரும் சான்றிதழில் 'இஷ்த்வான்' என்ற பெயர் 'ஷ்தெஃபான்' என்று மாறி வரலாம். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கவே மாதங்கள் போகும். அதனால் புதிய சான்றிதழோடு, 1908-ஆம் ஆண்டுப் பதிவேட்டின் மூலப் பக்கத்துக்கும் சான்றளித்த நகல் கேளுங்கள்.