மைக்ரோமீட்டரில் ஒரு பிழைப்பு

"கணினிப் பொறியியலில் சேர்க்காவிட்டால் சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. கவலை புரிகிறது. ஆனால் செய்முறை வகுப்பில் ஒரே அளவை நான்கு தடவை எடுத்துப் பார்க்காமல் மகள் எழுந்திருக்க மாட்டாள் என்று குறையாக எழுதியிருக்கிறீர்களே, அது குறையே அல்ல. பொருள்களின் வெப்ப விரிவை அளக்கும் ஆய்வகத்தில் அதுதான் முதல் தகுதி.

கணினி, மருத்துவம் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. அந்த விரிவை அளக்கும் கருவியான டைலட்டோமீட்டர் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

25 மி.மீ. அலுமினியத் துண்டு 100 டிகிரி சூடேறினால் சுமார் 58 மைக்ரோமீட்டர் நீளும். ஒரு தலைமுடியின் தடிமன். இன்வார் உலோகக் கலவை என்றால் வெறும் 3. இதை அளக்க உலைக்குள் துண்டை வைத்து, சிலிக்காத் தண்டு ஒன்றை மெல்ல முட்டக் கொடுப்பார்கள். தண்டின் மறுமுனை வெளியே நகர்வு உணரியில் இருக்கும். தண்டும் துண்டைத் தாங்கும் குழாயும்கூட நீளுமே! அதனால் எவ்வளவு விரியும் என்று முன்பே தெரிந்த சபையர் துண்டை அதே வேகத்தில் சூடேற்றி, கருவி காட்டுவதற்கும் தெரிந்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும்.

சூடேற்றும் வேகம் நிமிடத்துக்கு 3 முதல் 5 டிகிரி. அவசரப்பட்டு 20 வைத்தால் துண்டின் நடுப்பகுதி சூடாகும் முன்பே வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளின் அளவு ஏறிவிடும். முனைகள் இணையாக இல்லாவிட்டால் துண்டு புரண்டு வரைபடத்தில் படி விழும். கண்ணாடியை இளகும் வரை விட்டால் தண்டு அதை அமுக்கிவிடும். சுருங்கியதுபோல் காட்டும், கருவியோடு ஒட்டியும் கொள்ளும். சிலிக்காவை வெறுங்கையால் தொடவே கூடாது: வியர்வை உப்பு கடுஞ்சூட்டில் அதைப் படிகமாக்கி வெளுக்க வைக்கும். 1,000 டிகிரிக்கு மேல் அலுமினாத் தண்டுக்கு மாற வேண்டும்.

டர்பைன் பூச்சு, பல் செராமிக், சிப் பொதி எல்லாவற்றிலும் ஒட்டும் இரண்டு பொருள்களின் விரிவு பொருந்தாவிட்டால் விரிசல்தான். இந்தக் கணக்கைப் பார்க்க ஆள் வேண்டும். பொருளறிவியல், உலோகவியல், செராமிக் தொழில்நுட்பம், இயற்பியல், எதன் வழியாகவும் வரலாம். கருவியியல் பட்டயம்கூடப் போதும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவளுக்குப் பிடிக்காத படிப்புக்காகக் கடன் வாங்காதீர்கள். அந்தத் தவணையைச் சொந்தக்காரர்கள் கட்டப்போவதில்லை. இந்தப் படிப்புக்கும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டாதீர்கள். கல்லூரிக்கு மகளோடு போய், சபையர் துண்டை வைத்து மாணவர்களே எடுத்த திருத்த வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கருவி கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தால் அடுத்த கல்லூரிக்கு நடையைக் கட்டுங்கள்.