வென்டிலேட்டர் வைத்துவிட்டால் அவ்வளவுதானா? மானிட்டரில் நாம் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் அப்பாவுக்கு நிமோனியா, கோவையில் மூன்று நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார், சொந்தக்காரர்கள் எல்லாரும் கையை விரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஈரோட்டில் ஒரு ஐசியூவில் 11 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். "ஏனுங் சிஸ்டர், மிஷின் வெச்சுட்டா முடிஞ்சுதுங்களா?" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்பார்கள்.

முடியவில்லை. வென்டிலேட்டர் எந்த நோயையும் குணமாக்காது. மூச்சு விடும் வேலையைத் தானே வாங்கிக்கொண்டு, மருந்து வேலை செய்ய நாள் கொடுக்கும். அந்த நாளுக்குள் உள்ளே இருக்கும் நோய் தீருமா என்பதுதான் கேள்வி.

கோபி பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். மஞ்சக்காட்டுச் சாளையில், அதாவது தோட்டத்துக் குடிசையில், தரையில் படுத்திருந்தவன், விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறான். கடிவாய் எதுவும் தெரியவில்லை. எங்களிடம் வரும்போது இமை தொங்கிவிட்டது, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. கட்டுவிரியன். விஷமுறிவு மருந்து போட்டோம். ஆனால் அந்த விஷம் ஏற்கெனவே கெடுத்த நரம்பு முனைகளை மருந்தால் மீட்க முடியாது, அவை தானாகத் திரும்ப வளர வேண்டும். அதுவரை மூச்சுக்கு மிஷின்தான்.

இரண்டாம் நாள் உடம்பில் அசைவில்லை. டார்ச் அடித்தால் கண்ணின் பாப்பாகூடச் சுருங்கவில்லை. பார்த்தவர்கள் மூளைச்சாவு என்றே நினைத்தார்கள். அவனுடைய மாமா கட்டில் பக்கத்திலேயே நின்று, "எடுத்துக் குடுத்துருங், ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போயிர்றோம்" என்றார். நான் அவன் இமையை விரலால் தூக்கிப் பிடித்து, "தம்பி, கேக்குதா? கால் கட்டைவிரலை அசை கண்ணு" என்றேன். ஒரு நெல்மணி அளவுக்கு அசைந்தது. அவன் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆறாம் நாள், மூச்சுக்காகத் தொண்டைக்குள் போட்டிருந்த டியூபை எடுத்தோம். கரகரத்த குரலில் முதலில் சொன்னது: "மாமா பேசுனது கேட்டுதுங்க்கா."

அதனால் உங்கள் அப்பா கட்டில் பக்கத்தில் நின்று சொத்து, சுடுகாடு எதுவும் பேச வேண்டாம். மயக்க மருந்தில் இருந்தாலும்தான். கண் விழித்தவர் பேசவில்லையே என்றும் பயப்படாதீர்கள். டியூப் குரல்நாண்களுக்கு நடுவே போகிறது, பேச வராது.

அடுத்து மானிட்டர். எல்லாரும் ஆக்சிஜன் அளவை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சாதாரணமாக 95க்கு மேல் இருக்க வேண்டும், சரி. ஆனால் வருஷக்கணக்கில் பீடி குடித்து நுரையீரல் கெட்டவர்களுக்கு வேண்டுமென்றே 88 முதல் 92 வரை வைத்திருப்பார்கள், அதற்குச் சண்டைக்குப் போகாதீர்கள். அலாரம் அடித்தால் பாதி நேரம் விரலில் மாட்டிய கிளிப் நழுவியிருக்கும், இல்லை விரல் சில்லிட்டிருக்கும். நர்ஸ் மானிட்டரைப் பார்க்காமல் முதலில் ஆளைப் பார்ப்பது அதனால்தான்.

திரையில் 94 என்று இருந்தால், எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்து அந்த 94 வருகிறது என்று கேளுங்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பது 21 சதவீதம். நேற்று மிஷினில் 80 சதவீதம் வைத்து 94, இன்று 50 வைத்தே 94 என்றால் நுரையீரல் தேறுகிறது. 50 இருந்தது 80க்கு ஏறினால், திரையில் அதே 94 நின்றாலும் நிலைமை மோசமாகிறது. வெளியே நிற்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை. நாங்களும் பல நாள் சொன்னதில்லை, நேரமிருக்காது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதும் எங்கள் பக்கம் தவறாமல் வரும் கேள்வி. மிஷினில் பேட்டரி உண்டு, கட்டில் தலைமாட்டில் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையான ஆம்பு பேகும் தொங்கும். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு, வாரக்கணக்கில் கையால் பையை அழுத்தியே நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். இன்றைய ஐசியூவே அதிலிருந்து வளர்ந்ததுதான்.

நாளை காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆக்சிஜன் சதவீதம் நேற்றைவிடக் குறைந்ததா? மயக்க மருந்தைக் குறைத்து, அப்பாவைத் தானாக மூச்சு விடவைத்துப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் எத்தனை நிமிஷம் தாங்கினார் என்றும் கேட்டு இங்கே எழுதுங்கள்.