சிறப்புக் கல்வி படிக்கிறேன். அனுபவமுள்ள நிபுணரிடம் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

உத்திகளை அப்புறம் பார்க்கலாம். அவர் குழந்தையை எப்படிக் கவனிக்கிறார் என்று பாருங்கள்.

ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆன் சல்லிவன், 1887 மார்ச்சில் ஹெலனுக்குக் கற்பிக்க அமெரிக்காவின் அலபாமா போகுமுன், ஹெலனைப் போலவே பார்வையும் செவித்திறனும் இழந்த லாரா பிரிட்ஜ்மனுக்குக் கற்பித்த சாமுவேல் ஹோவின் அறிக்கைகளைப் படித்துவிட்டுத்தான் போனார். குழாய்த் தண்ணீர் கையில் கொட்டியபோது, உள்ளங்கையில் எழுத்துக்கூட்டிய சொல் அதன் பெயர்தான் என்று ஹெலனுக்குப் புரிந்த கதையோடு எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்கடுத்த நாட்கள்தான் முக்கியம். ஹெலனின் உறவுக் குழந்தை, ஒன்றேகால் வயது, பாடமே இல்லாமல் பேச்சைப் புரிந்துகொள்வதை சல்லிவன் கவனித்தார். உடனே பாட அட்டவணையைக் கைவிட்டு, முழு வாக்கியங்களையே ஹெலனின் உள்ளங்கையில் எழுத்துக்கூட்டத் தொடங்கினார்.

நீங்கள் சந்திக்கும் நிபுணரிடம், 'கடைசியாக எந்தக் குழந்தைக்காக உங்கள் முறையை மாற்றினீர்கள், ஏன்?' என்று கேளுங்கள். ஈடுபாடு உள்ளவர் என்றால் லேசில் நிறுத்தமாட்டார். நோட்டு கொண்டுபோங்கள்.