தளபதிக்கு எந்த பேஸ், எத்தனை உருவம்?

கேள்வி: மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக, 28 மி.மீ. உலோக உருவங்களில், 1806-இல் ஆவர்ஷ்டெட் போரில் நெப்போலியனின் மார்ஷல் டாவூ நடத்திய மூன்றாம் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) படையைச் சேர்த்து வருகிறேன். காலாட்படை 40×40 மி.மீ. சதுர பேஸில் (உருவங்களை ஒட்டும் அடிப்பலகை) நிற்கிறது. தளபதிகளை எப்படி நிறுத்துவது? 2 மி.மீ. எம்டிஎஃப்பில் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) செய்தவை ஓரம் தூக்கிக்கொண்டன. ஒரு குதிரை பெயர்ந்தே வந்துவிட்டது.

பதில்: தளபதிகளுக்கு வட்ட பேஸ் போடுங்கள். துருப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஆட்டத்தைத் தீர்மானிக்கும், அதைக் காட்டத்தான் சதுரம். பெரும்பாலான விதிகளில் தளபதிக்கு அந்தக் கணக்கு இல்லை. சதுரங்களுக்கு நடுவே வட்டம் இருந்தால் மேசையின் மறுமுனையிலிருந்தும் தெரியும். பதவியை உருவங்களின் எண்ணிக்கையே சொல்லட்டும்: பிரிகேடு தளபதிக்கு 1, பல பிரிகேடுகள் சேர்ந்த டிவிஷனின் தளபதிக்கு 2, கோர் தளபதிக்கு 3. விட்டம் முறையே 40, 50, 60 மி.மீ. பாயும் குதிரை என்றால் 40 போதாது. மூக்கும் வாலும் வெளியே நீட்டி, பக்கத்து பேஸில் இடித்து உடையும். அதற்கும் 50 கொடுங்கள்.

கட்டளைத் தூரத்தை (தளபதியின் உத்தரவு எட்டும் தூரம்) பேஸின் விளிம்பிலிருந்து அளந்தால் 60 மி.மீ. பேஸுக்கு 40-ஐ விட 10 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும். அதனால் பேஸின் நடுவிலிருந்து அளப்பது என்று ஆட்டம் தொடங்குமுன் பேசி முடித்துவிடுங்கள்.

ஓரம் தூக்குவதற்குக் காரணம் தண்ணீர். நீர் கலந்த ஃபெவிகாலை மேற்புறத்தில் மட்டும் பூசினால், காயும்போது அது சுருங்கி மெல்லிய பலகையை மேல்நோக்கி இழுக்கும். 3 மி.மீ. பலகைக்கு மாறுங்கள். மணல் ஒட்டுமுன் அடி, மேல், விளிம்பு மூன்றிலும் வார்னிஷ் அல்லது ஸ்ப்ரே பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். ஃபெவிகாலில் தண்ணீர் கலக்க வேண்டாம். ஏற்கெனவே வளைந்ததை அடிப்புறம் லேசாக ஈரப்படுத்தி, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரவு முழுக்க வைத்தால் பெரும்பாலும் நேராகும். வளைவை அப்படியே விட்டால் அடியில் ஒட்டும் காந்தத் தாள் தகரப் பெட்டியில் சரியாகப் பற்றாது. எடுத்துச் செல்லும்போது உருவம் சாயும்.

குதிரை பெயர்வதற்கு பெயின்டே பெரும்பாலும் காரணம். பெயின்டின் மேல் போட்ட பசை உலோகத்தைப் பிடிப்பதில்லை, பெயின்டைத்தான் பிடிக்கிறது. ஒரு இடியில் பெயின்டோடு உரிந்து வரும். உருவத்தின் அடித்தட்டையும் அது உட்காரும் இடத்தையும் உலோகமும் மரமும் தெரியும்வரை சுரண்டுங்கள். அடித்தட்டில் 1 மி.மீ. துளையிட்டு, பேப்பர் கிளிப் கம்பியில் 5 மி.மீ. துண்டைச் செருகி, பேஸிலும் அதற்கு நேராகத் துளையிடுங்கள். ஒட்ட ஃபெவிகுவிக் வேண்டாம். அது உடனே பிடிக்கும், ஆனால் இறுகியபின் நொறுங்கும் தன்மையது. அரால்டைட் இடைவெளியையும் நிரப்பும், அதிர்ச்சியையும் தாங்கும். ஒரு இரவு அசைக்காதீர்கள்.

பெயின்ட் அடித்து முடித்த பிறகே உருவங்களை பேஸில் ஏற்றுங்கள். மூன்று குதிரைகள் நெருங்கி நின்றால் நடுவில் தூரிகை நுழையாது. அடித்தட்டின் விளிம்பு மேடு தெரியாமல் எம்-சீலைச் சரிவாக இழைத்து, அது இறுகியபின் பல்குச்சியால் ஃபெவிகால் தடவி மணல் தூவுங்கள். மணல், நிறம், புல் எல்லாம் காலாட்படை பேஸில் உள்ளவையே. போர் அக்டோபர் 14-இல் நடந்தது. பச்சைப்பசேல் புல் பொருந்தாது, காய்ந்த மஞ்சளும் பழுப்புமே சரி.

டாவூவின் பேஸில் மூன்று குதிரைகளைத் திணிப்பதைவிட, இரண்டு குதிரை வீரர்களும் தரையில் நின்று வரைபடம் நீட்டும் அதிகாரி ஒருவரும் நன்றாக இருக்கும். குதிரைகளை வரிசையாக வைக்காமல் ஒன்றுக்கொன்று கோணமாகத் திருப்புங்கள். டாவூவுக்குக் கிட்டப்பார்வை, முகத்தில் மெல்லிய கண்ணாடி வரைந்தால் அடையாளம் உறுதி.

பெயரைப் பின்விளிம்பில் எழுதுங்கள்; உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அதே இடத்தில் இடுப்புக் கச்சையின் நிறத்தில் ஒரு கோடு: மார்ஷலுக்கு வெள்ளை, டிவிஷன் ஜெனரலுக்குச் சிவப்பு, பிரிகேடு ஜெனரலுக்கு வான்நீலம். பிரெஞ்சுச் சீருடையில் பொன்னிழையோடு சேர்ந்து வந்த நிறங்களே இவை. ஃப்ரியான், குடேன், மொரான் மூவரும் டிவிஷன் தளபதிகள், மூவருக்கும் சிவப்பு.