காணொளி பார்த்தால் எழுத வருமா?

அன்புள்ள ஐயா,

வரும் டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்4 நிலையை எழுதப்போகிறேன். தினமும் பஸ்ஸில் ஒரு நிமிடக் காணொளிகளாகப் பார்க்கிறேன். காதால் கேட்டால் பாதிக்குமேல் புரிகிறது. அதே வாக்கியத்தைத் தாளில் பார்த்தால் தடுமாறுகிறேன். எழுதவோ சுத்தமாக வரவில்லை. காணொளிகளை விட்டுவிடட்டுமா?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

விடவேண்டாம். ஆனால் பஸ்ஸில் பார்ப்பதைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வீட்டில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து ஒரே ஒரு காணொளியை எடுங்கள். ஜப்பானிய எழுத்திலேயே வரிகள் ஓடுவதாக இருக்கட்டும். ஆங்கில வரிகள் இருந்தால் கண் அங்கேதான் போகும்; வாசிப்புக்குத் துளியும் பயனில்லை. வரி ஓடும் இடத்தை அட்டையால் மறைத்து, ஒரு வாக்கியம் கேட்டதும் நிறுத்தி, ஹிராகனாவில், அதாவது ஒலியைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தில், எழுதுங்கள். பிறகு அட்டையை விலக்கி ஒப்பிடுங்கள். பள்ளியில் நாம் செய்த ‘சொல்வதை எழுதுதல்’தான் இது.

ஒற்று இரட்டிப்பது தமிழ்க் காதுக்குப் பழகியது. ‘கிதே’ என்றால் வா, ‘கித்தே’ என்றால் தபால்தலை. இதில் உங்களுக்குச் சிக்கல் வராது. நீண்ட ஓகாரம்தான் காலை வாரும். டோக்கியோ என்ற பெயரை எழுதும்போது ‘தொ-உ-க்யொ-உ’. ‘பெரிய’ என்ற பொருள் தரும் சொல்லிலும் அதே நெடில் ஒலிதான், எழுதுவதோ ‘ஒ-ஒ-கி-இ’. இந்த வேறுபாடு காதுக்குத் தெரியாது. எத்தனை காணொளி பார்த்தாலும் பிடிபடாது. கை தவறாக எழுதி, கண் அதைத் திருத்தினால்தான் மனத்தில் நிற்கும்.

அடுத்த நாள் ஒலியை நிறுத்திவிட்டு அதே வரிகளை வாய்விட்டு வாசியுங்கள், கான்ஜியோடு (சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகள்) மறுபடி எழுதுங்கள். தேர்வில் விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும், கையால் எழுதச் சொல்வதில்லை. அப்படியும் எழுதத்தான் சொல்வேன். ‘காத்திரு’, ‘பிடி’ ஆகியவற்றுக்கான கான்ஜிகளுக்கு வலப்பாதி ஒன்றே, இடப்பாதி மட்டும் வேறு. எழுதிப் பழகியவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

காது நன்றாக இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். மொத்தம் 180க்கு 90 எடுக்கவேண்டும் என்பதோடு, மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த 120இல் 38 கட்டாயம். கேட்டலில் 60ஐயும் அள்ளினாலும் அந்த 38 இல்லாவிட்டால் தேர்ச்சி கிடையாது.

ஒரு நிமிடக் காணொளியில் நீளமான பத்தி வராது. தேர்வு நடத்துபவர்களின் இணையதளத்தில் மாதிரி வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அக்டோபரிலிருந்து அவற்றை நேரம் வைத்து எழுதத் தொடங்குங்கள்.