சிறு சந்தோஷங்களை ரசிப்பது விசுவாசிக்குத் தகுமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தவறாமல் வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன், சபையின் ஊழியங்களிலும் பங்கெடுக்கிறேன். ஆனால் சிறுவயதில் என்னைத் துள்ள வைத்த மழையும் வானவில்லும் இப்போது என்னைத் தொடுவதே இல்லை. என் மகள் தேங்கிய தண்ணீரில் குதித்துக் கூச்சலிடும்போது, உடை அழுக்காகுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எப்போதாவது மனம் லேசாகிச் சிரித்துவிட்டாலும், எத்தனையோ பேர் துன்பப்படும் உலகில் இது தகுமா என்ற உறுத்தல் உடனே வந்துவிடுகிறது. பிள்ளைகளைப்போல் ஆக வேண்டும் என்கிறார் இயேசு. ‘குழந்தைக்கேற்றவைகளை ஒழித்துவிட்டேன்’ என்கிறார் பவுல். நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அன்புள்ள சகோதரி, இருவர் சொல்வதையும் கேட்கலாம். பவுல் தாம் ஒழித்துவிட்டதாகச் சொல்வது குழந்தையின் அரைகுறை அறிவைத்தான். அதே நிருபத்தின் அடுத்த அதிகாரத்தில், துர்க்குணத்தில் குழந்தைகளாகவும் புத்தியில் தேறினவர்களாகவும் இருங்கள் என்று அவரே பிரித்துக் காட்டுகிறார் (1 கொரிந்தியர் 14:20). மழையைக் கண்டு மகிழ்வதைக் கைவிட வேண்டும் என்று அவர் எங்கும் எழுதவில்லை.

இயேசு எந்தச் சூழலில் பேசினார் என்பதையும் பாருங்கள். பரலோகராஜ்யத்தில் யார் பெரியவன் என்று சீஷர்கள் கேட்டபோது, அவர் ஒரு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்தி, “நீங்கள் மனந்திரும்பிப் பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால், பரலோகராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டீர்கள்” என்றார் (மத்தேயு 18:3). பிறகொரு நாள் பிள்ளைகளை அவரிடம் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டியபோது, விசனமடைந்து, “சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்” என்று சொல்லி, அவர்களை அணைத்து ஆசீர்வதித்தார் (மாற்கு 10:14–16). லூக்கா அவர்களைக் கைக்குழந்தைகளாகவே காட்டுகிறார். கைக்குழந்தை எந்த நற்செயலையும் செய்துவிட்டு ஆசீர்வாதத்தைக் கேட்பதில்லை. கொடுப்பதை வாங்கிக்கொள்ள மட்டுமே அதற்குத் தெரியும். தேவனுடைய ராஜ்யத்தைச் சிறு பிள்ளையைப்போல் ‘ஏற்றுக்கொள்ள’ வேண்டும் என்று அங்கே அவர் சொன்னதற்கு இதுவே பொருள் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் சிக்கலும் இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. உங்கள் நாள் முழுவதும் கொடுப்பதிலும் செய்வதிலும் நிறைந்திருக்கிறது. வாங்கிக்கொள்வதற்கு அதில் இடமே இல்லை. செய்து முடிக்காத வேலைகள் இருக்கும்வரை மகிழ்வதற்கு நமக்கு உரிமையில்லை என்று நினைப்பவருக்கு அந்த உரிமை என்றைக்கும் வாய்க்காது, ஏனென்றால் வேலைகள் என்றைக்கும் முடிவதில்லை. இதை அறிந்துதான் கர்த்தர் ஓய்வுநாளைக் கட்டளையாகவே கொடுத்தார். வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் கழுதையும்கூட அன்று இளைப்பாற வேண்டும் என்று உபாகமம் 5ஆம் அதிகாரம் சொல்கிறது.

நம் சபைகளில் பக்தியையும் முகவாட்டத்தையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் எப்படியோ படிந்துவிட்டது. உபவாசம் பண்ணும்போதுகூட முகவாடலாய் இருக்கவேண்டாம் என்றவர் நம் ஆண்டவர். காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப் பார்க்கச் சொன்னார். ஆகாயத்துப் பறவைகளைக் காட்டினார். சந்தைவெளியில் பிள்ளைகள் குழலூதி விளையாடும் விளையாட்டும் அவர் பேச்சில் வருகிறது. விருந்துகளில் அவர் மனமார உட்கார்ந்ததைப் பொறுக்காதவர்கள் அவரைப் ‘போஜனப்பிரியன்’ என்று பழித்தார்கள். சிலுவையை நோக்கி நடந்தவரே இவ்வளவையும் ரசித்திருக்கிறார் என்றால், ரசிப்பதற்கும் பாடுபடுவதற்கும் பகையில்லை. அதைவிட வியப்பானது 104ஆம் சங்கீதம்: பெரிதும் விஸ்தாரமுமான சமுத்திரத்தில் கப்பல்கள் ஓடுவதைப் பாடிவிட்டு, “அதிலே விளையாடும்படி நீர் உண்டாக்கின லிவியாதானும் உண்டு” என்கிறது. மனிதனுக்கு ஒரு பயனும் இல்லாத, ஆழத்தில் விளையாடுவதற்காகவே ஒரு பெரிய உயிரைப் படைத்த தேவனை நாம் ஆராதிக்கிறோம்.

துன்பப்படுகிறவர்களை நினைத்து உங்களுக்கு வரும் உறுத்தலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அது நல்ல இருதயத்திலிருந்து வருகிறது. ஆனால் நாம் மகிழாமல் இருப்பதால் அவர்களில் ஒருவருடைய பாரமும் குறைவதில்லை. நாம் அனுபவிப்பதற்காகவே சகலவித நன்மைகளையும் சம்பூரணமாகக் கொடுக்கிற தேவன் என்று எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே தாராளமாகக் கொடுக்கிறவர்களாயிருக்கும்படி கட்டளையிடச் சொல்கிறார் (1 தீமோத்தேயு 6:17, 18). அனுபவிப்பதும் பகிர்வதும் அவருடைய எண்ணத்தில் ஒரே மூச்சில் வருகின்றன. பெற்றுக்கொண்டதை உணர்ந்தவருக்கே கொடுப்பது சுமையாகத் தோன்றாது.

இனி, செய்யக்கூடியது. இரவு ஜெபத்தில் விண்ணப்பங்களைத் தொடங்கும் முன், அன்று கண்ணுக்கோ காதுக்கோ நாவுக்கோ இனிமையாயிருந்த ஒன்றைப் பெயர் சொல்லி ஸ்தோத்திரியுங்கள். ‘எல்லா நன்மைகளுக்காகவும் நன்றி’ என்று மொத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். இரவில் சொல்ல ஒன்று வேண்டும் என்பதற்காகவே பகலில் கண்கள் தேட ஆரம்பிக்கும். ஸ்தோத்திரத்தோடே ஏற்றுக்கொள்ளப்படுவது எதுவும் தள்ளப்படத்தக்கதல்ல என்கிறது 1 தீமோத்தேயு 4:4. உறுத்தல் வரும்போது இந்த வசனத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த முறை மகள் தண்ணீரில் குதிக்கும்போது, பத்து நிமிடம் அவளோடு நீங்களும் நில்லுங்கள். உடையைத் துவைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஐயா, என் மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. ‘சந்தோஷமாயிருங்கள்’ என்று சபையார் சொல்லும்போது மனம் கசக்கிறது. இது அவிசுவாசமா?

பதில்: இல்லை, ஐயா. லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும், அவன் கல்லறைக்குச் செல்லும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். அழ ஒரு காலமுண்டு என்று பிரசங்கி எழுதியிருக்க, அந்தக் காலத்தைக் குறைத்துக்கொள்ளும்படி உங்களிடம் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. பிள்ளைகளைப்போல் ஆவதில் அழுவதும் அடங்கும். வலிக்கும்போது குழந்தை மறைக்காமல் அழுகிறது, அழுதபடியே தன்னைத் தூக்குகிறவரின் தோளில் சாய்கிறது.

அசிசி நகரத்துப் பிரான்சிஸ் என்ற துறவி, சூரியனுக்காகவும் காற்றுக்காகவும் தண்ணீருக்காகவும் தேவனைத் துதிக்கும் புகழ்பெற்ற பாடலை 1225இல் இயற்றியபோது, நோயுற்று, ஏறக்குறையப் பார்வையிழந்து, வெளிச்சத்தைத் தாங்க முடியாமல் இருந்தார்; அடுத்த ஆண்டே இறந்தார். துக்கம் தீர்ந்த பிறகுதான் துதி வரும் என்பதில்லை, இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். ஆகவே பேரப்பிள்ளைகளோ அயலாரின் பிள்ளைகளோ விளையாட வாருங்கள் என்று அழைத்தால், மனைவிக்குத் துரோகம் செய்வதாக எண்ணாமல் எழுந்து போங்கள். நடுவில் அழுகை வந்தால், அங்கேயே அழுங்கள்.